ஏழாவது பாட்டு

கண்ணா,

உன் கல்யாண வரவேற்பில் பாட வேண்டிய பாட்டுகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டி வைத்திருந்தாயே, அந்தத் தாளை உனக்குத் தெரியாமல் நான் எடுத்துக்கொண்டு போனேன். எங்கே போனேன், என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரிலேயே சொல்லலாம், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "விடும்மா" என்பாய். நானும் விட்டுவிட்டு, ராத்திரிக்கு இட்லியா தோசையா என்று கேட்டுவிடுவேன். நமக்குள் பாதிப் பேச்சு இப்படித்தான் சாப்பாட்டில் போய் முடிகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் அடுப்பைப் பார்க்க ஓட முடியாது.

பட்டியலில் இருபது பாட்டு. முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் எங்கள் காலத்து மெலடி நாலைந்து. அப்பாவுக்குப் பிடித்தது ஒன்று, எனக்குப் பிடித்தது ஒன்று என்று யோசித்து எழுதியிருந்தாய். படித்துக்கொண்டே வந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழாவதில் வந்து நின்றுவிட்டேன். கதாநாயகன் சிநேகிதர்களோடு மொட்டை மாடியில் படுத்துப் புகை விட்டுக்கொண்டு, இந்த ஊரே தன் காலுக்குக் கீழே இருப்பதாகப் பாடுவானே, அந்தப் பாட்டு. ஊரே ஆடுகிற பாட்டுதான். காதுகுத்தில் போடுகிறார்கள், ஸ்கூல் ஆண்டு விழாவில் போடுகிறார்கள், பெரியம்மாவின் பேரன் மூன்று வயசுக் குழந்தை, அதுகூட இடுப்பை ஆட்டுகிறது. அதனால் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு ஆனதே, அதை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

முதலிலிருந்து சொல்கிறேன். நீ துவாக்குடியில் ரூம் எடுத்துப் படித்த மூன்றாவது வருஷம், சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவாய். காதில் ஹெட்போனோடு சோபாவில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மெல்ல ஆடிக்கொண்டிருப்பாய். உதட்டில் ஒரு சிரிப்பு இருக்கும். நான் சமையல்கட்டு வாசலில் நின்று அதைப் பார்ப்பேன். மார்கழியில் பஜனை கோஷ்டி உத்திர வீதி திரும்பும்போது முன்னால் வருகிற பெரியவர் ஒருவர் இப்படித்தான் கண்ணை மூடி ஆடிக்கொண்டு வருவார், தெரு நாய் குறுக்கே போனாலும் அவருக்குத் தெரியாது. என் பிள்ளைக்கும் அப்படி ஒரு லயிப்பு வந்திருக்கிறது, பெருமாள் கொடுத்த வரம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? பக்கத்து வீட்டில் சொன்னேன், உன் சித்தியிடம் சொன்னேன். ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்பாய். பிள்ளைக்குப் பசி எடுக்கிறதே என்று எனக்குப் பூரிப்பு. அந்த லயிப்பும் பசியும் கஞ்சா என்று தெரிய எனக்கு எட்டு மாசம் ஆயிற்று. அதற்குள் மாத்திரைக்குப் போயிருந்தாய். உன் ரூம் சிநேகிதன் அப்பாவுக்குப் போன் செய்து, "அங்கிள், உடனே வாங்க, எழுப்ப எழுப்ப எந்திரிக்க மாட்டேங்கிறான்" என்று அழுதிருக்காவிட்டால் இன்னும் எத்தனை மாசம் போயிருக்குமோ. பக்தியைத் தினமும் பார்க்கிறவள் நான். அதனாலேயே இது என் கண்ணுக்குத் தப்பியது என்று நினைக்கும்போது கோயிலுக்குப் போய் நின்றாலும் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

உன்னைச் சிகிச்சை மையத்தில் விட்டுவிட்டு வந்த பிறகு, இது என்ன வியாதி என்று புரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. டாக்டர் சொன்னது பாதி புரிந்தது. வெளியே யாரையும் கேட்கவும் முடியாது, கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்தது பள்ளிக்கூடத்தில் என்றாலும், மளமளவென்று படிக்க வந்தது சினிமாப் பாட்டுப் புத்தகத்தில்தான். கல்யாணம் என்றால் என்ன, பிரிவு என்றால் என்ன, ஏமாற்றம் என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொன்னது பாட்டுதான். அதனால் இதையும் பாட்டிடமே கேட்டேன். வீட்டுக் கணக்கு எழுதுகிற நோட்டில் பின்பக்கத்திலிருந்து நாலு கட்டம் போட்டேன். பாட்டு, ஏன் ஆரம்பித்தான், பக்கத்தில் யார், எப்படி மீண்டான். அப்பா ஆபீசுக்குப் போனதும் போனில் ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டு எழுதினேன். குடிப் பாட்டு, கஞ்சாப் பாட்டு, ஊசிப் பாட்டு, பழசு, புதுசு எல்லாம்.

இரண்டாவது கட்டத்தில் எழுத எனக்கு வேலையே இல்லை. பெண், பெண், மேற்படி, மேற்படி என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தி விட்டுவிட்டுப் போனாள், அல்லது ஒருத்தி செத்துப்போனாள், அதனால் இவன் இப்படி ஆனான். சரி, நம் வீட்டிலும் ஒரு பெண் இருக்க வேண்டுமே என்று முடிவு செய்தேன். மையத்துக்கு வந்து உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "யாருடா அந்தப் பொண்ணு? சொல்லிடு, அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்." நீ மலங்க மலங்க விழித்தாய். "எந்தப் பொண்ணும்மா?" நீ மறைக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். உன் பையில் இருந்த ரெக்கார்ட் நோட்டில் நித்யா என்று ஒரு பெயர் இருந்தது. உன் கிளாஸ், ஊர் வையம்பட்டி. அது போதாதா எனக்கு? அப்பாவிடம் கோயில் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வீட்டில் அவள் அம்மா என்னை யாரென்று கேட்பதற்கு முன்னால் மோர் கொடுத்தார்கள். நான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்க பொண்ணு என் பையனை என்ன செஞ்சான்னு கேளுங்க" என்றேன். நித்யா உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, அதுவே எனக்குக் கோபமாக இருந்தது. "ஆன்ட்டி, நான் அவன்கிட்ட ரெக்கார்ட் நோட்டுதான் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரலை" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அவன் எங்க ஆன்ட்டி? ரெண்டு மாசமா கிளாசுக்கே வரலையே?" என்றாள். அங்கே உடைந்து அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ யாரிடமும் சொல்லாததை, உனக்குச் சரியாகப் பழக்கம்கூட இல்லாத ஒரு பெண்ணிடம், அவள் அம்மாவின் முன்னால். ரெக்கார்ட் நோட்டை வாங்கிப் போகிற சாக்கில் அவள் உன்னைப் பார்க்க வந்ததும், அப்புறம் நடந்ததும் உங்கள் இருவர் கதை. "பாட்டுல பொண்ணால கெட்டுப்போவான். நம்ம வீட்டுல உன் தப்பால ஒரு பொண்ணு கிடைச்சிருக்கா" என்று அப்பா சிரிக்கிறார். எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் செய்தது தப்பு, வந்தது நல்லது. இரண்டையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நாலாவது கட்டத்தைச் சொல்கிறேன், எப்படி மீண்டான் என்பது. பல பாட்டுகளில் மீளுவதே இல்லை, பாட்டு முடிந்துவிடுகிறது. மீளுகிறவனும் நடுவில் வருகிற வயலினில் மீண்டுவிடுகிறான். பெண் ஓங்கி ஒரு அறை விடுகிறாள், மழை பெய்கிறது, வயலின் வாசிக்கிறார்கள், அடுத்த வரிக்குள் தாடியை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். இல்லையென்றால் அம்மா. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவாள், படத்துக்கு மாலை போட்டுவிடுவார்கள், அவன் பாட்டிலை உடைப்பான். நான் செத்தால்தான் நீ எழுந்திருப்பாய் என்றால் அது என்ன மாதிரி ஏற்பாடு? அப்படி இருந்தும், நீ வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோது, "நான் செத்தாத்தான்டா நீ திருந்துவ" என்று கத்தினேன். அது என் வார்த்தை இல்லை கண்ணா. எத்தனையோ பாட்டில் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது வந்து விழுந்தது. ரொம்ப நாள் கழித்து நீ சொன்னாய், "நீ அப்படிச் சொன்ன அன்னைக்குத்தாம்மா ரொம்ப வேணும்போல இருந்துச்சு." அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை.

இந்தப் பழக்கம் கூடாது என்று சொல்கிற பாட்டும் இருக்கிறதே என்று நினைத்தேன். ஒரு வேனில் ஸ்பீக்கர் கட்டி உங்கள் காலேஜ் வாசலில் போட்டார்களாமே, தாயின் கண்ணீரே, தேசத்தின் எதிர்காலமே என்று. அதையும் நோட்டில் எழுதியிருந்தேன். உன்னைக் கேட்டதற்கு, "அந்தப் பாட்டு ஓடுறப்போ பின்னாடி டீக்கடையில உக்காந்து அடிச்சிக்கிட்டே சிரிச்சோம்மா" என்றாய். ஆகாது என்று சொன்ன பாட்டு உன்னைத் தடுக்கவில்லை. அப்படியானால் ஆகும் என்று சொன்ன பாட்டு மட்டும் உன்னைத் தள்ளியதா? இந்த இடத்தில் என் நோட்டு நின்றுபோனது.

ஆனால் முக்கொம்பை எப்படி மறப்பேன்? நீ மீண்டு பத்து மாசம். உன் பெரியப்பா பசங்களோடு காரில் முக்கொம்பு அணைக்குப் போனாய், நான்தான் புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது காரில் அந்தப் பாட்டு. எல்லாரும் கத்திப் பாடியிருக்கிறீர்கள். பூங்கா ஓரத்தில் பழைய சிநேகிதன் ஒருவன் நின்றிருக்கிறான். சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிக் கொடுத்த புளியோதரை பிரிக்காமல் அப்படியே இருந்தது. மறுநாள் நீயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போனாய். அன்றைக்கு நான் வீட்டில் இருந்த ரேடியோவை எடுத்துப் பரண்மேல் போட்டேன். டிவியில் பாட்டுச் சேனல்களை எடுக்கச் சொன்னேன். காலையிலும் மாலையிலும் ஸ்தோத்திரம், மற்ற நேரம் ஒரு சத்தமும் கிடையாது. ஏழு மாசம் அப்படி வைத்திருந்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நிச்சயம். போன வருஷம்தான் நீ சொன்னாய், "அந்த ஏழு மாசம் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சும்மா. என் மண்டைக்குள்ள இருக்கிறது மட்டும்தான் கேட்டுச்சு." நான் மூடிய கதவுக்கு உள்ளே உன்னையும் அதையும் ஒன்றாக வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் உறையூரில் ஆர்கெஸ்ட்ராக்காரர் வீட்டுக்குப் போனேன். சிவப்புப் பேனாவால் ஏழாவது பாட்டை அடித்திருந்தேன். அது மட்டும் இல்லை, அதே மாதிரி இருந்த இன்னும் ஐந்தையும் அடித்திருந்தேன், நீ எழுதாத பாட்டுகளிலும் எதெதைப் பாடக்கூடாது என்று பின்பக்கம் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் படித்தார். "அம்மா, நீங்க அடிச்சதெல்லாம் போக மிச்சம் இருக்கிறது சாமி பாட்டும் தாலாட்டும்தான். தாலாட்டுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே?" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் பேச்சை மாற்றி, "அடிச்சிடலாம்மா. ஆனா மேடைக்குச் சீட்டு வருமே? யாராவது சின்னப் பசங்க துண்டுச் சீட்டுல எழுதி அனுப்புவாங்க, மாப்பிள்ளை விருப்பம்னு போட்டு அனுப்புவாங்க. பாடலைன்னா கீழே இருந்து கத்துவாங்க. நான் என்ன காரணம் சொல்றது?" என்றார்.

நான் காரணத்தைச் சொல்லிவிட்டேன். இதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. கூடப் பிறந்த அக்காவிடம் நாலு வருஷமாகச் சொல்லாததை, முன்னேபின்னே தெரியாத மனிதரிடம், அவர் மனைவி காதில் விழ, கீபோர்டின் மேல் துணி போட்டிருந்த அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். வையம்பட்டியில் செய்த அதே காரியம். உன் ரகசியத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அதை ஊர் ஊராகச் சுமந்துபோய் இறக்கி வைக்கிறவள் நானாகத்தான் இருக்கிறேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம், "அந்தப் பாட்டை முழுசா கேட்டிருக்கீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். கேட்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். நோட்டில் எழுதும்போதுகூட அந்த ஒன்றை மட்டும் ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன்.

அன்றைக்கு மாலை நீ அப்பாவோடு கூடத்தில் பேசிக்கொண்டிருந்தாய், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "எதுக்குடா அந்தப் பாட்டு? உங்கம்மா அதைக் கேட்டா மயக்கம் போட்டுருவா" என்றார் அப்பா. நீ சொன்னாய், "எங்க போனாலும் வருதுப்பா. பஸ்ல வருது, டீக்கடையில வருது. ஒவ்வொரு கல்யாணத்துலயும் அது வந்ததும் கை கழுவப் போற மாதிரி எழுந்து வெளியே போறேன். எத்தனை தடவை கை கழுவுறது? என் கல்யாணத்துல நானே போடச் சொன்னதா ஒரு தடவை இருக்கட்டும். நித்யாகிட்ட கேட்டுட்டேன்." நான் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நீங்கள் இருவரும் வெளியே போனதும் சமையல்கட்டில் உட்கார்ந்து உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், நல்ல பாட்டு. நடுவில் ஒரு மேளம் வருகிறது, புறப்பாட்டில் பெருமாள் மண்டபம் தாண்டும்போது அடிப்பார்களே, அந்த நடை. என் கால் தானாகத் தாளம் போட்டது. திடுக்கிட்டுப் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன், யாரோ பார்த்துவிட்ட மாதிரி. அப்புறம் இன்னொரு தடவை போட்டேன். அதில் பொய் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. அந்த மாடியில் யாரும் வாந்தி எடுக்கவில்லை, யாருடைய அப்பாவும் ஆட்டோ பிடிக்கவில்லை. ஆனாலும் பொய் சொல்கிற பாட்டுக்கு என் கால் ஏன் ஆடியது? உனக்கு முதல் தடவை இப்படித்தான் இருந்ததா? நாலு வருஷமாக நோட்டில் எழுதியும் பிடிபடாத ஏதோ ஒன்று அப்போது தொட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நாலாவது கட்டத்தில் உன் பெயருக்கு நேரே எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவேன்? புதன்கிழமைதோறும் பஸ் பிடித்து மையத்துக் கூட்டத்துக்குப் போனாய். எரிந்து விழுந்தாய், மன்னிப்புக் கேட்டாய், மறுபடி எரிந்து விழுந்தாய். உடம்பு பெருத்தது, சட்டை பிடிக்காமல் போனது. மூன்று மாசம் அப்பாவோடு காலையில் பால் வாங்கப் போனதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. இதை யார் பாட்டாக எழுதுவார்கள்? எழுதினாலும் யார் எழுந்து ஆடுவார்கள்? ஒன்று மட்டும் சொல்கிறேன், புத்திமதி என்று நினைத்தாலும் சரி. பாட்டில் பெண்ணின் கண்ணீர் பட்டதும் அவன் சரியாகிவிடுகிறான். நித்யாவுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடாதே. உன் புதன்கிழமை உன்னுடையது. கல்யாணம் ஆன பிறகும் பஸ் இருக்கும்.

ஆர்கெஸ்ட்ராக்காரருக்குப் போன் செய்து, நான் அடித்தது எதுவும் செல்லாது, என் பையன் கொடுக்கிற பட்டியல்தான் பட்டியல் என்று சொல்லிவிட்டேன். "விஷயம் வெளியே போகாதும்மா" என்று அவராகவே சொன்னார். நான் சொன்னது சொன்னதுதான், அதைத் திரும்ப எடுக்க முடியாது. என்னை மன்னிப்பாயா என்று தெரியவில்லை. இனிமேல் உன் கதையை எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்பது உன் இஷ்டம். இந்தக் கடிதத்தை வேறு அம்மாக்கள் படிக்கலாமா கூடாதா என்பதும் நீ சொல்வதுதான். நீ சரி என்கிற வரை இது நோட்டுக்குள் இருக்கும்.

வரவேற்பு அன்றைக்கு முதல் வரிசையில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியோரம் எனக்கு நாற்காலி. ஏழாவது பாட்டு ஆரம்பித்து உனக்கு முடியவில்லை என்றால் என்னைப் பார். நான் எழுந்து மேடைக்கு வந்து, "சாப்பிட வாங்க, பந்தி காத்திருக்கு" என்று உங்கள் இருவரையும் கூப்பிடுவேன். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அம்மாவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முடிகிறது என்றால் என் பக்கம் பார்க்கவே வேண்டாம், உன் பாட்டுக்கு ஆடு. ஒருவேளை அந்த மேளம் வருகிற இடத்தில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, என் கால் ஆடுவது கண்ணில் பட்டால், கண்டுகொள்ளாதே. பெரியம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

பட்டியலைப் பழையபடி ஃப்ரிட்ஜில் மாட்டிவிட்டேன். சிவப்பு மை போகவில்லை, அதனால் இருபதையும் புதுத் தாளில் என் கையால் எழுதியிருக்கிறேன். ஏழாவது ஏழாவதாகவே இருக்கிறது.

அம்மா